ஷெட்டில் பிழைத்தவை

பிப்ரவரி 5, வியாழன்

ஆண் பூச்சிகளை இன்று இணை சேர்த்தாயிற்று. நான் போவதற்கு முன்பே பாவாத்தாள் அக்கா ஏசி அறைக் கதவருகே நின்றிருந்தார். "வாங்கம்மணி, மாப்பிள்ளைங்கல்லாம் படபடன்னு றெக்கை அடிச்சுட்டு நிக்கறாங்க" என்றார். இந்த நிலையத்தில் எனக்கு முன்பிருந்தே புழு வளர்ப்பவர். அவருக்கு ஆண் பூச்சி என்றால் மாப்பிள்ளை, பெண் பூச்சி என்றால் பொண்ணு.

ஐந்து வருடமாக நான் செய்வது ஒரே வேலைதான். நம் ஊர் மஞ்சள் கூட்டுப் பட்டுப்புழு வெயிலைத் தாங்கும். ஆனால் கூடு மெலிசு, நூல் குறைவு. குளிர்நாட்டு வெள்ளைக் கூட்டுப் புழு கனமான கூடு கட்டும். நம் வெயிலில் சுருண்டு விழும். வெள்ளையிடமிருந்து அந்தக் கனத்தை மட்டும் எடுத்து மஞ்சளுக்குக் கொடுக்க வேண்டும். இரண்டையும் கலந்து, பிறந்ததை மறுபடி மஞ்சளோடு சேர்த்து, அதில் பிறந்ததை மறுபடியும் மஞ்சளோடு சேர்த்து என்று தலைமுறை தலைமுறையாகப் போகிறது. எந்தப் பூச்சிக்குள் கனம் இருக்கிறது என்று வெளியே பார்த்துச் சொல்ல முடியாது. அதன் ஒரு காலை நறுக்கி டிஎன்ஏவைப் பிரித்து ஜெல் தகட்டில் ஓட்டினால், கனத்தோடு ஒட்டி வரும் அடையாளத் துண்டு விளக்கின் கீழ் ஒரு கோடாகத் தெரியும். அதற்கு நாங்கள் வைத்த பெயர் கனப் பட்டை. பட்டை தெரிந்தால் அந்தப் பூச்சியின் முட்டைகளை வைத்துக்கொள்வோம். இல்லாவிட்டால் கழித்துவிடுவோம்.

கனப் பட்டை மஞ்சளுக்குள் நன்றாகவே உட்கார்ந்துவிட்டது. தொல்லை என்னவென்றால் அதே குரோமோசோமில், சுவர் ஒட்டிய பக்கத்து வீடு மாதிரி, இன்னொன்றும் கூடவே வந்துவிட்டது. கனம் வந்த புழுவெல்லாம் வெயில் ஏறினால் தலையைத் தூக்கியபடியே சாகிறது. அதற்கும் ஓர் அடையாளம் கண்டுபிடித்து சோர்வுப் பட்டை என்று பெயர் வைத்தேன். இப்போது எனக்குத் தேவை கனப் பட்டை இருந்து, சோர்வுப் பட்டை இல்லாத ஒரு பூச்சி. ஒன்றே ஒன்று போதும். தாய் வழியாக இது நடக்காது. பட்டுப்பூச்சிப் பெண்ணின் குரோமோசோம்கள் தங்களுக்குள் துண்டு மாற்றிக்கொள்வதில்லை. தகப்பன் வழியாக எப்போதாவது நடக்கும். அதனால்தான் இந்த முறை மாப்பிள்ளைகளை நம்பி இருக்கிறேன்.

மே மாத முடிவில் என் பணிக்காலம் முடிகிறது. "பிரிச்சுக் காட்டுங்க ஜெசிந்தா, நீட்டிச்சுடலாம். இல்லேன்னா ரூமை வேற குழுவுக்குக் கொடுக்க வேண்டி வரும்" என்று இயக்குநர் நேற்று சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

பிப்ரவரி 7, சனி

தாய்ப் பூச்சிகள் முட்டையிட்டு முடித்தன. நோய்ப் பிரிவுக்குப் புதிதாக மாற்றலாகி வந்திருக்கும் திருமலைசாமி அவற்றை ஒவ்வொன்றாக நசுக்கி நுண்ணோக்கியில் பார்த்தார். பெப்ரைன் என்று ஒரு நோய். அதன் வித்துக்கள் தாயின் உடம்பில் இருந்தால் முட்டைக்குள்ளேயே இறங்கிவிடும். அந்த முட்டைகளில் ஒன்றை வைத்தாலும் ஊர் முழுக்கப் பரவும். அதனால் தாய்க்கு நோய் என்றால் முட்டைகள் தீக்கு. இதற்கு விலக்கே கிடையாது.

எல்லாம் சுத்தம் என்று சொன்னார். அதைச் சொல்ல அவருக்கு முழு நாள் ஆயிற்று. ஒரே கண்ணாடித் துண்டை மூன்று முறை பார்க்கிறார். பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைக்கிறார். துடைத்துவிட்டு மறுபடி பார்க்கிறார். இப்படி ஒரு மந்தமான மனிதரை நான் கண்டதில்லை.

பிப்ரவரி 16, திங்கள்

முட்டைகள் பொரிந்தன. எறும்பைவிடச் சின்னதாக, கறுப்பாக, மயிர் மயிராக. கொழுந்து மல்பெரி இலையைப் பொடியாக நறுக்கித் தூவினோம்.

ஏசி அறையில் எல்லாவற்றுக்கும் இடம் போதவில்லை. நெருக்கி அடுக்கச் சொன்னேன். திருமலைசாமி வாசலில் நின்று, "இத்தனை தட்டையும் ஒரே ரூம்ல அடைக்க வேண்டாமுங்க மேடம்" என்றார். அவர் சொன்னதற்காக இல்லை, எனக்கே இடைஞ்சலாக இருந்ததால் பாதித் தட்டுகளைப் பழைய ஷெட்டுக்கு அனுப்பினேன். ஷெட்டுக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. மதியம் அங்கே மனிதர்களே நிற்க முடியாது. அதில் இருப்பவற்றை நான் சோதிக்கப் போவதில்லை. பொரிந்ததைக் கொட்ட மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

பிப்ரவரி 22, ஞாயிறு

துணி துவைத்தேன். மெத்தையை வெயிலில் போட்டேன். மேற்கே மலை தெளிவாகத் தெரிந்தது. காற்றாலைகள் ஒன்றுகூடச் சுற்றவில்லை.

தூத்துக்குடியிலிருந்து அம்மா பேசினாள்.

"ஏளா, சாப்ட்டியா?"

"சாப்ட்டேன் எம்மா."

"ஒத்தையில என்னத்த ஆக்கி என்னத்தத் திங்கே? ஈஸ்டருக்காவது வந்து சேருவியா, இல்ல புழுவுக்குக் காய்ச்சல்னு சொல்லுவியா?"

வருவேன் என்று சொன்னேன்.

பிப்ரவரி 26, வியாழன்

சாப்பாட்டு நேரத்தை ஒரு மணிக்கு மாற்றிக்கொண்டேன். டிஎன்ஏ ஓட்டும் நேரத்துக்கு அதுதான் தோதாக இருக்கிறது. திருமலைசாமியும் அந்த நேரத்தில்தான் தோட்டத்துப் பக்கத்துக் கல் பெஞ்சில் சாப்பிடுகிறார். அதற்கு நான் என்ன செய்ய முடியும்.

வீட்டில் அவரும் அப்பாவும் மட்டும். சமைப்பது அவர்தான். இன்று சந்தகையும் தேங்காய்ப்பாலும் கொண்டு வந்திருந்தார். எங்கள் ஊர் இடியாப்பம்தான், பெயர் வேறு. "கொஞ்சம் போட்டுக்குங்க மேடம்" என்றார். எனக்கு இனிப்பு அதிகம் என்று சொன்னேன். டப்பா காலியானபோது அவருக்கு எதுவும் மிச்சம் இல்லை என்பதைப் பிறகுதான் கவனித்தேன்.

"நல்லாருந்துச்சுங்களா?"

"இனிப்புதான் கொஞ்சம் தூக்கல்" என்றேன்.

"நாளைக்குக் கொறச்சுப் போடறனுங்க" என்றார்.

நாளைக்கும் சந்தகையா என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை.

மார்ச் 3, செவ்வாய்

இயக்குநரைப் பார்க்க வெளி மாநிலத்திலிருந்து ஒரு குழு வந்தது. என் புழுக்களைக் காட்டும்படி சொன்னார். ஐந்து வருடத்தில் முதல் முறையாக யாரோ கேட்டுப் பார்க்க வருகிறார்கள்! கனப் பட்டைப் படங்களைச் சுவரில் ஒட்டி வைத்தேன். ஏசி அறைக்குள் அழைத்துப் போனேன். புழுக்கள் நான்காம் பருவத்தில், வெள்ளை வெளேரென்று, இலை தின்னும் சத்தம் மழை பெய்வது போல இருந்தது. எல்லோரும் படம் எடுத்தார்கள். ஒருவர் ஒரு புழுவைக் கையில் எடுத்துப் பார்த்தார். நேற்றுத்தான் ஒரு விவசாயியின் வளர்ப்பு மனைக்குப் போய் வந்தாராம், அங்கே புழுக்கள் இப்படி இல்லை என்று பாராட்டினார்.

வாசலில் திருமலைசாமி, கால் நனைக்கும் மருந்து நீர்த் தட்டோடு நின்றிருந்தார். அவர்கள் விமானம் பிடிக்க வேண்டிய அவசரத்தில் இருந்தார்கள். ஐந்து நிமிடம்தான் உள்ளே இருந்தோம்.

நல்ல நாள். பாவாத்தாள் அக்காவுக்கு இனிப்பு வாங்கிக் கொடுத்தேன்.

மார்ச் 9, திங்கள்

ஷெட்டில் பாதிப் புழுக்கள் செத்துவிட்டன. பகல் வெயில் அப்படி. பாவாத்தாள் அக்கா கூடை கூடையாக அள்ளிக் குழியில் போட்டுச் சுண்ணாம்பு தூவினார். "மிச்சம் இருக்கறது நல்லாத்தான் திங்குதுங்கம்மணி, நூல்கூட விட ஆரம்பிச்சிருச்சு" என்றார். வெப்பத்தில் எல்லாம் சீக்கிரம் வளர்ந்துவிடும். கூடு கட்டியதும் அவற்றை எடுத்துக் குளிர்பெட்டியில் போட்டு வையுங்கள், பிறகு பார்க்கலாம் என்றேன்.

மார்ச் 12, வியாழன்

ஏசி அறைப் புழுக்களும் கூடு கட்டத் தொடங்கின. முழுநாளும் அவற்றைப் பொறுக்கிக் கூடு கட்டும் வலையில் விட்டோம். புழு கண்ணாடி போல ஆகி, தலையை எட்டு போட்டபடி ஆட்டி ஆட்டி நூல் விடுவதை எத்தனை முறை பார்த்தாலும் அலுப்பதில்லை. திருமலைசாமியும் பக்கத்தில் நின்று பார்த்தார். பேசவில்லை. பேசாமல் நிற்பதில் அவரைப் போல வசதியான ஆள் கிடையாது.

சந்தைக்குப் போய் இன்னொரு பீங்கான் கோப்பை வாங்கினேன். ஒன்று உடைந்தால் இருக்கட்டும் என்று.

மார்ச் 24, செவ்வாய்

பூச்சிகள் வெளியே வந்து, இணை சேர்ந்து, பெண் பூச்சிகள் தாளில் தனித்தனிக் கிண்ணத்தின் கீழ் முட்டையிட்டுக்கொண்டிருக்கின்றன. எல்லாவற்றிலிருந்தும் ஒரு கால் நறுக்கி எண் போட்டு எடுத்துக்கொண்டேன்.

மார்ச் 26, வியாழன்

கிடைத்துவிட்டது!

விளக்கின் கீழ் வரிசை வரிசையாக இரட்டைக் கோடுகள், அல்லது வெறுமை. இரட்டை, வெறுமை, வெறுமை, இரட்டை. காலையிலிருந்து இதையே பார்த்துக் கண் பூத்துப் போயிருந்தது. மூன்றாவது தகட்டின் நடுவில் ஒற்றைக் கோடு. கனம் இருக்கிறது. சோர்வு இல்லை. நம்ப முடியாமல் அதே காலின் மீதியை எடுத்து மறுபடியும் ஓட்டினேன். மறுபடியும் ஒற்றைக் கோடு.

ஒரு பெண் பூச்சி. தாள் நிறைய முட்டை வைத்திருக்கிறாள். பெண் என்பது இன்னும் நல்லது. அவள் வழியாகப் போகும்போது கனம் அப்படியே பிசகாமல் போகும்.

பாவாத்தாள் அக்காவைக் கட்டிப் பிடித்தேன். "என்னங்கம்மணி, என்னங்கம்மணி" என்று பயந்துவிட்டார். நோய்ப் பிரிவுக்கு ஓடினேன். திருமலைசாமி எழுந்து நின்றுவிட்டார். "மொதல்ல உக்காருங்க. தண்ணி குடிங்க. அப்பறம் சொல்லுங்க" என்றார். சொன்னேன். அவர் சிரித்ததை இன்றுதான் முழுதாகப் பார்த்தேன். கீழ் வரிசையில் ஒரு பல் கொஞ்சம் கோணல்.

மார்ச் 27, வெள்ளி

மதியம் அவரே என் அறைக்கு வந்தார். கையில் எதுவும் இல்லை.

"மேடம், கொஞ்சம் வந்து பாருங்க."

போய்ப் பார்த்தேன். நுண்ணோக்கியில் முட்டை வடிவத்தில், பளபளவென்று, சின்னச் சின்னதாக. ஒன்று இரண்டு அல்ல. பாடப்புத்தகத்தில் போட்டிருப்பது போலவே இருந்தது.

"எந்தப் பூச்சி சார்?"

எண்ணைச் சொன்னார். எனக்குத் தெரிந்த எண்தான்.

"இன்னொரு தடவை பாருங்க."

"மூணு தடவை பாத்துட்டனுங்க. அதே ரூம்ல இன்னும் நாலு பூச்சில இருக்குது."

"முட்டையை மருந்துல கழுவினா?"

"உள்ள இருக்குதுங்க மேடம்."

அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டேன். பிறகு கேட்கக் கூடாததையும் கேட்டேன். "நீங்க இதைப் பாக்காம விட்டிருந்தா?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பாத்துட்டனுங்களே" என்றார்.

வெளியே வரும்போது, "அன்னைக்கு வந்தவங்க எல்லாம் கால் நனைச்சுட்டுத்தானுங்க உள்ள போனாங்க?" என்று மெதுவாகக் கேட்டார். தலை வலிக்கிறது, அப்புறம் பேசலாம் என்றேன்.

ஏசி அறையில் வைத்த எல்லா முட்டைத் தாள்களையும் கட்டடத்துக்குப் பின்னால் எரித்தோம். அவர் எரிக்கிறேன் என்றார். நான் விடவில்லை. அந்த ஒரு தாளை நானே போட்டேன். உடனே பிடித்துக்கொண்டது.

மார்ச் 28, சனி

கடைக்குப் போய் பெரிய மருந்து நீர்த் தட்டு ஒன்றும் கதவுக்குப் பூட்டும் வாங்கி வந்தேன். இனி இயக்குநரே வந்தாலும் கால் நனைக்காமல் உள்ளே விடுவதில்லை. சமைக்கவில்லை.

மார்ச் 29, ஞாயிறு

குருத்தோலை ஞாயிறு. டவுன் கோயிலுக்குப் போனேன். ஓலையைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கும்போது அழுகை வந்தது. பக்கத்திலிருந்த பெண் நான் பக்தியில் அழுவதாக நினைத்துத் தோளைத் தட்டிக் கொடுத்தாள்.

திரும்பி வந்தபோது வாசல் கதவுப் பிடியில் ஒரு தூக்குப் பாத்திரம் தொங்கியது. சந்தகை. இனிப்பு குறைவாக இருந்தது.

மார்ச் 30, திங்கள்

ஏசி அறையைக் கழுவினோம். சுவர், தரை, அடுக்கு, தட்டு எல்லாம். ஷெட்டுக் கூடுகள் குளிர்பெட்டியில் இருக்கின்றனவே, அவற்றையும் எரித்துவிடலாமா என்று பாவாத்தாள் அக்கா கேட்டார்.

"எரிச்சுருங்கக்கா" என்றேன்.

"பாதி அங்கயே போச்சு. மிச்சப் பாதியும் இப்படிப் போவுது" என்று சொல்லிக்கொண்டே அவர் கூடுகள் இருந்த பெட்டியை வெளியே எடுத்தார்.

எனக்குத் துடைப்பம் கையிலேயே நின்றுவிட்டது.

பாதி. சரியாகப் பாதி ஏன் சாக வேண்டும்? இந்தக் கலப்பில் பாதிப் புழுக்களுக்குக் கனமும் சோர்வும் சேர்ந்து வரும், மறுபாதிக்கு இரண்டுமே வராது. ஷெட்டு வெயிலில் செத்தது சோர்வு உள்ள பாதி. அப்படியானால் பிழைத்ததெல்லாம் ஒன்றுமே இல்லாத மெல்லிய கூடாகத்தான் இருக்க வேண்டும். அதில் கனமான கூடு ஒன்று இருந்தால், அது சோர்வைக் கழற்றிவிட்டுக் கனத்தை மட்டும் வைத்துக்கொண்ட புழுவின் கூடு. நான் ஏசி அறையில் தேடிக்கொண்டிருந்ததை வெயில் எனக்காக ஷெட்டில் தேடி வைத்திருக்கிறது.

பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு நோய்ப் பிரிவுக்குப் போனேன். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அவரோடு பேசவில்லை.

"சார், எனக்கு ஒரு உதவி வேணும்."

"சொல்லுங்க."

"ஷெட்டுல நோய் இருக்கான்னு பாக்கணும். நிதானமா, நாலு தடவை பாருங்க."

எழுந்து கையைக் கழுவ ஆரம்பித்துவிட்டார்.

ஏப்ரல் 1, புதன்

மெல்லிய கூடுகளில் கொஞ்சத்தை வெட்டி உள்ளிருந்த கூட்டுப்புழுக்களை நசுக்கிப் பார்த்தார். ஷெட்டுக்கு வந்த இலை வேறு, அன்று வந்த குழுவும் அங்கே போகவில்லை. வித்து எதுவும் இல்லை. இரண்டு நாளாக அதே நாற்காலி. கழுத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். தைலம் கொடுத்தேன்.

கனமானவையாகத் தோன்றிய கூடுகளைத் தனியாக எடுத்துவிட்டேன். வெப்பத்தில் வளர்ந்தவை, எடையில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பட்டைதான் சொல்ல வேண்டும்.

ஏப்ரல் 2, வியாழன்

வர முடியாது என்று அம்மாவிடம் சொன்னேன்.

"நெனச்சேன். புழுவுக்குக் காய்ச்சலா?"

"இல்லம்மா. புழு பிழைச்சிருக்கு."

"உன் குரல் என்னளா ஒரு மாதிரி இருக்கு?" என்றாள். நல்ல மாதிரியா கெட்ட மாதிரியா என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஏப்ரல் 4, சனி

பூச்சிகள் நேற்று வெளிவந்தன. இணை சேர விடாமல் ஆணையும் பெண்ணையும் வேறு வேறு பெட்டியில் குளிரில் வைத்துவிட்டுக் கால்களை நறுக்கினேன். திருமலைசாமி குழாய்களில் எண் எழுதினார். அவர் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கிறது. புதுக் கோப்பையில் காப்பி கொடுத்தேன்.

விளக்கைப் போட்டபோது இருவரும் சேர்ந்துதான் குனிந்தோம். வெறுமை. வெறுமை. வெறுமை. அடுத்த தகட்டை எடுக்கக் கை நீட்டினேன். "கீழ் வரிசையப் பாருங்க" என்றார். ஒற்றைக் கோடு. அதே வரிசையில் தள்ளி இன்னொன்று. அடுத்த தகட்டில் மூன்றாவது.

ஒரு மாப்பிள்ளை, இரண்டு பொண்ணுகள்.

ஏப்ரல் 5, ஈஸ்டர்

கோயிலிலிருந்து நேராக நிலையத்துக்கு வந்தேன். அந்த ஆணை முதல் பெண்ணோடு சேர்த்து, பிரித்து, குளிரில் ஓய்வு கொடுத்து, மாலையில் இரண்டாவது பெண்ணோடு சேர்த்தோம். மூன்றும் ஒரே குடும்பத்தில் பிறந்தவை என்று தெரிந்ததும் பாவாத்தாள் அக்கா முகத்தைச் சுளித்தார்.

"அண்ணன் தங்கச்சியா! இதென்னங்கம்மணி அநியாயம்?"

"பூச்சிக்கு அதெல்லாம் இல்லக்கா. இப்படிச் சேர்த்தாத்தான் கனம் ரெண்டு பக்கமும் வரும்."

"எனக்குத் தெரியாது சாமி" என்று புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு போய்விட்டார். திருமலைசாமிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஏப்ரல் 7, செவ்வாய்

இன்று தாய்ப் பூச்சிகளைப் பரிசோதிக்க வேண்டிய நாள். அவர் அறைக்குப் போகவில்லை. போனால் நாலு தடவை பார்ப்பதை எட்டு தடவை பார்ப்பார் என்று எனக்குத் தோன்றியது. தோட்டத்தில் போய் மல்பெரிச் செடிகளுக்கு நடுவே நடந்தேன். நீர் பாய்ச்சியிருந்த இடத்தில் செருப்பு புதைந்தது.

அவர் வரப்பில் வருவது தூரத்திலேயே தெரிந்தது. வழக்கம் போல மெதுவாக வந்தார். பாதி வழியில் கையை உயர்த்தி ஆட்டினார்.

"ரெண்டும் சுத்தமுங்க!" என்று கத்தினார். அவர் கத்தி நான் கேட்டதே இல்லை. வேலை செய்துகொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

ஏப்ரல் 16, வியாழன்

பொரிந்தன. ஏசி அறை இப்போது காலிதான், பளிச்சென்று இருக்கிறது. ஆனாலும் எல்லாவற்றையும் ஷெட்டில்தான் வைத்தேன். கோடையில் ஷெட்டில் பிழைக்காத ரகத்தை விவசாயிக்குக் கொடுத்து என்ன பயன்? இயக்குநர் வந்து கால் நனைத்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். "துணிச்சல்தான்" என்றார்.

ஏப்ரல் 25, சனி

மூன்றாம் பருவம். சாவு இல்லை. அரிசி வாங்கினேன். ஜன்னல் திரை தைத்தேன்.

மே 2, சனி

கடும் வெயில். காற்று நின்றுவிட்டது. ஷெட்டுக்குள் உள்ளங்கை வைத்தால் அடுக்குக் கம்பி சுட்டது. கூரை மேல் தென்னங்கீற்று போட்டு, ஜன்னலில் ஈரச் சாக்கு தொங்கவிட்டோம். விவசாயிகள் செய்வதுதான், அதற்கு மேல் எதுவும் செய்யக் கூடாது என்று எனக்கு நானே கட்டளை போட்டிருக்கிறேன். மதியம் புழுக்கள் தின்பதை நிறுத்திவிட்டன. எல்லாம் அப்படியே அசையாமல் கிடந்தன. போன முறை இப்படித்தான் தொடங்கியது.

"நீங்க வீட்டுக்குப் போங்க சார், அப்பா தனியா இருப்பாங்க" என்றேன்.

"அப்பா டிவி பாத்துட்டு இருப்பாருங்க" என்று சொல்லி வாசலில் கவிழ்த்து வைத்த தட்டின் மேல் உட்கார்ந்துகொண்டார். நான் எதிரே உட்கார்ந்தேன். அவர் மதுக்கரையில் வளர்ந்த கதையையும், சின்ன வயதில் சிமெண்டுத் தூசி படிந்த மாமரத்தைக் கழுவிக் கழுவி விட்டதையும் சொன்னார். நான் உப்பளங்களைப் பற்றிச் சொன்னேன். வெயில் சாய்ந்ததும் உள்ளே பாவாத்தாள் அக்கா இலை போட்டார். கொஞ்ச நேரத்தில் சத்தம் கேட்டது. முதலில் ஓர் ஓரத்தில். அப்புறம் ஷெட்டு முழுக்க. தின்கின்றன!

"கேக்குதுங்களா?" என்றார்.

கேட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டேன். வேர்வைதான்.

மே 10, ஞாயிறு

எல்லாம் வலையில் ஏறிவிட்டன. மஞ்சள் மஞ்சளாகக் கூடுகள். எண்ணிப் பார்க்கவே வேண்டாம், பார்த்தாலே தெரிகிறது.

மே 14, வியாழன்

கொஞ்சம் கூடுகளை முன்கூட்டியே பறித்து எடை போட்டோம். வெறும் கூட்டின் கனம் உள்ளூர் ரகத்தைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அதிகம். சாவு, உள்ளூர் ரகத்தில் எவ்வளவு உண்டோ அவ்வளவுதான். இயக்குநர் எண்களை மேலிருந்து கீழாக இரண்டு முறை பார்த்தார். "நீட்டிப்புக்கு இன்னைக்கே எழுதிடறேன்" என்றார். "அடுத்தது விவசாயிங்க கையில குடுத்துப் பாக்கணும். ரெண்டு வருஷமாவது ஆகும், இருப்பீங்கல்ல?"

இருப்பேன் என்றேன். கொஞ்சம் வேகமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. அவர் நிமிர்ந்து பார்த்தார்.

மே 17, ஞாயிறு

இன்று மீதிக் கூடுகளைப் பறித்தோம். விடுமுறை என்றாலும் திருமலைசாமி வந்தார். பாவாத்தாள் அக்கா கொஞ்ச நேரம் எங்களோடு பறித்துவிட்டு, வீட்டில் விருந்தாளி என்று சொல்லிக் கிளம்பிவிட்டார். அவருக்கு எந்த விருந்தாளியும் வரவில்லை என்று நினைக்கிறேன்.

இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து வலையிலிருந்து கூடுகளைப் பிய்த்துக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தோம்.

"ஜெசிந்தாங்க" என்றார். மேடம் என்று சொல்லவில்லை. "ஒண்ணு கேக்கோணும். தப்பா எடுத்துக்காதீங்க."

"கேளுங்க."

"எங்கப்பாகிட்ட உங்களப் பத்திச் சொல்லிட்டனுங்க."

"என்னன்னு?"

"அவருகிட்டச் சொல்றதுக்கு முன்னாடி உங்ககிட்டக் கேட்டிருக்கோணும். இப்பத்தான் கேக்கறேன்." கையிலிருந்த கூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எனக்கு எல்லாமே கொஞ்சம் மெதுவுங்க."

அவர் கேட்டதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று எழுதுகிறேன். ஆமாம் என்று சொன்னேன். மூன்று மாதமாக அதைச் சொல்லக் காத்திருந்தேன் என்றும் சொன்னேன். இந்தப் பக்கங்களில் அதை எழுதாமல் விட்டிருக்கிறேன், அவரிடம் சொல்லாமல் விடவில்லை.

அப்போதே அம்மாவுக்குப் போன் போட்டு ஒலிபெருக்கியில் வைத்து, கூடைக்கு மேல் வைத்தேன். "நீங்களே பேசுங்க" என்றேன். அவர் எழுந்து நின்று, சட்டையைச் சரிசெய்துகொண்டு, பெயர், ஊர், வேலை, அப்பா பெயர் எல்லாம் சொன்னார். எதற்காகப் பேசுகிறார் என்பதையும் ஒரு வழியாகச் சொல்லி முடித்தார்.

அந்தப் பக்கம் அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது. வேற்று மதம், வேற்று ஊர், அவள் மனசில் என்னென்ன ஓடுகிறதோ என்று நான் பதறிக்கொண்டிருந்தேன்.

"மீனு சாப்பிடுவியளா?" என்று கேட்டாள்.

"சாப்பிடுவனுங்கம்மா. முள்ளு எடுக்கத்தான் தெரியாதுங்க."

"அதுக்கென்ன, நான் எடுத்துத் தாரேன். எப்ப வாறிய?"

"அடுத்த வாரமுங்க" என்றார் அவர்.

"அடுத்த வாரம் பூச்சி வெளிய வந்துரும், முடியாது" என்றேன் நான்.

"நீ சும்மா இருளா" என்றாள் அம்மா. "தம்பி, பூச்சிய யாருகிட்டயாவது விட்டுட்டு நீங்க ரெண்டு பேரும் வாங்க. நான் நாளைக்கே கடற்கரையில மீனுக்குச் சொல்லி வைக்கேன்."